கடல்நாய் இரைப்பை

பாக்பைப் என்கிற ஊதுபை வாத்தியம் எனக்குப் பிடிக்காது. அதன் சத்தம்தான் பிடிக்கவில்லை என்று முதலில் நினைத்திருந்தேன். அதை ஊதுகிறவர்களோடு மூன்று குளிர்காலம் ஒரே அறைக்குள் இருந்த பிறகு, சத்தம்தான் அதில் ஓரளவாவது பொறுக்கக்கூடிய பகுதி என்று தெரிந்தது. மற்றதெல்லாம் அருவருப்பு. ஒரு முழு ஆட்டின் தோலை உரித்து, மயிர் உட்பக்கம் போகும்படி புரட்டி, கழுத்தும் முன்கால்களும் இருந்த ஓட்டைகளில் மரக்குழல்களைச் செருகிக் கட்டியிருப்பார்கள். தோல் காயாமல் இருக்க உள்ளே தேனோ கொழுப்போ ஊற்றிக் குலுக்குவார்கள். ஊதுகிற மூச்சோடு எச்சிலும் போய் அந்த மயிருக்குள் தங்கும். வாசித்து முடிந்ததும் குழலைக் கழற்றிவிட்டுப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார்கள். அதிலிருந்து சொட்டியதைத் துடைத்தது நான், ஏனென்றால் அறையின் சாவி என்னிடம் இருந்தது.

அந்த அறை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. யுத்தம் வந்தால் ஆட்கள் ஒதுங்குவதற்கென்று கட்டிய கொங்கிறீற் அறை, சாம்பல் நிற இரும்புக் கதவு. நோர்வேக்காரர் இப்படியான அறைகளுக்குள் பழைய சைக்கிளும் பனிச்சறுக்குப் பலகையும் அடுக்கி வைப்பார்கள். ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அதைப் பங்கர் என்றார்கள். வேறு சொல் ஒருவருக்கும் வரவில்லை. பிள்ளைகளின் சனிக்கிழமைச் சங்கீத வகுப்புக்காகக் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதி அதைக் கேட்டு எடுத்தவன் நான். அறையை யார் பாவித்தாலும் சாவிக்குப் பொறுப்பானவர் கூட இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. ஆகவே வகுப்புக்கும் இருந்தேன். பிறகு ஒலிப்பதிவுக்கும் இருந்தேன்.

ஒலிப்பதிவு செய்தவர் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருந்த நோர்வேக்காரர். வானொலியில் ஒலித் தொழில்நுட்பம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஐரோப்பாவின் பழைய பாக்பைப் மெட்டுகளையும் நாட்டுப்புற மெட்டுகளையும் புதிதாகப் பதிவு செய்து இறுவட்டுகளாக வெளியிடும் சிறிய கூட்டம் ஒன்றுக்கு அவர் வேலை செய்து கொடுத்தார். ஒஸ்லோ வழியாகப் போகிற கலைஞர்கள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். பங்கரின் சுவர் தடிப்பு. கதவைச் சாத்தினால் வெளியே நகரம் இருப்பதே தெரியாது. அவருக்கு அது போதும். காலடிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பார். எந்தப் பருவத்திலும் அதே காலுறைதான். அந்த மணத்தையும் நான் சேர்த்துத்தான் சுவாசித்தேன்.

எனக்கு மருந்துக் களஞ்சியத்தில் மாலை வேலை. காலை நேரம் சும்மா இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து நாட்குறிப்பில் முந்தின நாள் நடந்ததை எழுதிக்கொண்டிருப்பேன். சுவீடன்காரர் ஒருவர் வந்தார், வாசிக்கும்போது மூக்கு ஒழுகும், துடைக்கக் கை இராது. போலந்துக்காரரின் குழலில் மரத்தில் செதுக்கிய ஆட்டுத்தலை ஒன்று கொம்பும் கண்ணாடிக் கண்ணுமாக இருந்தது. அது இருந்த நேரமெல்லாம் என்னையே பார்த்தது. பல்கேரியாவிலிருந்து வந்தவரின் பை, குழலைக் கழற்றி மேசையில் கிடத்தியபோது, தலை வெட்டிய குட்டி நித்திரை கொள்கிற மாதிரிக் கிடந்தது. எல்லோரும் நல்ல மனிதர்கள். கை கொடுப்பார்கள். நான் வாங்கிவிட்டுக் கழுவப் போவேன்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் எஸ்தோனியாவிலிருந்து ஒரு பெண் வந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். தொழில் பல் வைத்தியம். அவருடைய பாக்பைப்பின் பை ஆட்டுத்தோல் இல்லை, கடல்நாயின் இரைப்பை. அவர்களுடைய தீவுப் பக்கத்தில் முன்பு அதில்தான் செய்வார்களாம். இப்போது எல்லோரும் கடையில் வாங்கிய செயற்கைத் துணிப்பையைப் பாவிக்கிறார்கள் என்றும், புதிதாக வருகிற இறுவட்டுகள் எல்லாவற்றிலும் கேட்பது அந்தத் துணியின் சத்தம்தான் என்றும் ஒலிப்பதிவாளர் எனக்கு விளக்கினார். இந்தப் பெண் மீனவர்களிடம் கேட்டு வாங்கி, தானே கழுவி, பதப்படுத்தித் தைத்திருந்தார். இரண்டு இரைப்பை வீணாகி மூன்றாவது சரிவந்ததாம். இறுவட்டுத் தொடரில் அவருடைய நாட்டுக்கு ஒரு மெட்டுக்குத்தான் இடம். அடுத்த நாள் காலை பதிவு, பின்னேரம் விமானம். அந்தப் பை பாடாவிட்டால் வேறொருவரின் துணிப்பைப் பதிவு ஒன்று கைவசம் இருக்கிறது, அதைப் போட்டுவிடுவார்கள்.

"இது ஒரு தடவை பதிவாக வேண்டும்," என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். "பிறகு கிழிந்தாலும் பரவாயில்லை."

அந்தப் பொருளை ஒரு தடவைதான் நேரே பார்த்தேன். மஞ்சளாக, மெல்லியதாக, நரம்போடிய ஒரு சவ்வு. ஈரத் தலையணை உறைக்குள் அதைச் சுற்றி, பங்கரின் சுவர்த் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அறையின் குளிரும் ஈரப்பதனும் அதற்கு நல்லதாம். நான் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று மாலை அதே அறையில் சரஸ்வதி பூசை. இது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு மாலை வேலை என்பதால், நிபந்தனையை மீறி, சங்கீத ரீச்சருக்கு அன்று மதியமே மற்றச் சாவியைக் கொடுத்தவன் நான். ரீச்சர் தமிழ்நாட்டுக்காரர், கணவரின் கணினி வேலையோடு ஒஸ்லோவுக்கு வந்தவர். பூசைக்கு வாத்தியங்களை அம்பாளுக்கு முன்னால் படைத்தால், அடுத்த நாள் புனர்பூசை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் வேலை முடிந்து வரவேண்டும் என்பதால் புனர்பூசையை அடுத்த நாள் மாலைக்கு வைத்திருந்தார்கள். காலையில் வாத்தியங்கள் மேசையிலேயே இருக்கும், பதிவு அறையின் மற்ற மூலையில் நடக்கும், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

காலையில் ஒலிப்பதிவாளரையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். சாம்பிராணி மணமும் அதற்கு அடியில் மீனெண்ணெய் மணமும் சேர்ந்து வந்தன. மேசையில் பட்டுத்துணி விரித்து, அம்பாள் படம் வைத்து, வயலின்கள், மிருதங்கம், சுருதிப்பெட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஊதுகிற பிளாஸ்டிக் குழல்கள் எல்லாம் அடுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், அம்பாளின் காலடியில், கடல்நாயின் இரைப்பை. மரக்குழல்களில் சந்தனமும் குங்குமமும். சவ்வின் மேலும் ஒரு பெரிய பொட்டு. பக்கத்தில் குத்துவிளக்கு, அதன் எண்ணெய் முழுக்க எரிந்து முடிந்திருந்தது. மேலே ஒரு செவ்வந்திப் பூ.

அந்தப் பெண் கிட்டப் போய்க் குனிந்து மணந்து பார்த்தார்.

"இதை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தது யார்?"

எடுக்கக் கை நீட்டினார். பொறுங்கள், கேட்டுவிட்டு எடுப்போம் என்று நான்தான் மறித்தேன். ரீச்சருக்கு அழைத்தேன். அவர் அதே கட்டடம், ஈரத்தலையோடு இறங்கி வந்தார்.

"நான்தான் சார் வெச்சேன். ரூம்ல இருக்கிற வாத்தியம் ஒண்ணையும் விடக்கூடாது இல்லையா. அது பாட்டுக்கு ஒதுக்குப்புறமா ஒரு உறைக்குள்ள கெடந்துது. யாரோட வாத்தியமா இருந்தா என்ன, சரஸ்வதிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"இப்ப எடுக்கலாமா, ரீச்சர்? இவவுக்குப் பின்னேரம் விமானம்."

"புனர்பூஜை ஆகாம எப்படி சார்? வேணும்னா நானே இப்ப சுருக்கமா பண்ணிடறேன். ஆனா தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் என்னைத்தான் பேசுவார்."

அந்தக் காலையில் அதுவரை அருவருப்பு எனக்கு அந்தச் சவ்வின் மேல் மட்டும்தான் இருந்தது. பெற்றோர் சங்கத் தலைவருக்கும் அழைத்தேன், இரவு வேலை முடிந்து வீட்டில் இருந்தார். சாரத்தின் மேல் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் மேசையைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னை.

"என்ன தம்பி உது? ஆட்டுத்தோலோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப?"

நான் கேள்வியை ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் திருப்பிவிட்டேன். அந்தப் பெண்ணே சொல்லிவிட்டார், மறைக்க ஒன்றுமில்லாதவர் சொல்கிற மாதிரி, ஆங்கிலத்தில், தெளிவாக. கடல்நாயின் இரைப்பை.

தலைவர் குளிர் அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேசையை விட்டு விலகினார்.

"கோதாரி," என்றார். "அம்பாளின்ரை காலடியிலை சீவனின்ரை குடலை வைச்சு, அதுக்குப் பொட்டும் வைச்சிருக்கிறியள். நேற்று நான் உதுக்கு முன்னாலை விழுந்தெல்லே கும்பிட்டனான்."

"மிருதங்கத்துல ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் மூணும் இருக்குங்க," என்றார் ரீச்சர். "அதுக்கு வாராவாரம் நம்ம பசங்க பொட்டு வெக்கிறாங்க."

"அது பதப்படுத்தின தோல், பிள்ளை. உது குடல். ரெண்டும் ஒண்டோ?"

எனக்குப் போன ஆனியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழா ஞாபகம் வந்தது. இதே தலைவர் ஆட்டுக்குடல் கறிச் சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு, குடல் காணாது, ஆக்கள் தொகைக்கு ஏற்ற மாதிரிச் சமைக்கத் தெரியாதோ என்று சமைத்தவரைக் கேட்டவர். விரலில் ஒட்டிய குழம்பை அவர் உறிஞ்சிய சத்தம்கூடக் காதில் வந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே கேட்க முடியாது. வயதுக்கு மூத்தவர்.

பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் அருவருப்பில்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பூசைச் சாமான் கொண்டுவந்த பல்பொருள் அங்காடியின் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, நாய் கொண்டு திரிகிறவர்கள் பனியில் குனிந்து அதன் கழிவை அள்ளுகிற அதே விதமாக, வாத்தியத்தை ஒரு குழலில் பிடித்துத் தூக்கினார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வாசலுக்குப் போனார். எங்கள் சப்பாத்துகள் கழற்றிக் கிடந்த இடத்தில் அதைப் போட்டார். வைத்தார் என்று எழுத முடியாது. மரம் கொங்கிறீற்றில் அடிபட்ட சத்தம் கேட்டது.

ஒலிப்பதிவாளர் தன் காலுறைக் காலோடு ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். இது எங்கள் ஆட்களின் விடயம் என்று நினைத்திருப்பார்.

"படைச்ச வாத்தியத்தைச் செருப்புக்குப் பக்கத்துல போடுறீங்களே, சார்," என்றார் ரீச்சர். "நீங்க கும்பிட்டது அதைத்தானே."

"கும்பிட்டது தெரியாமல். இப்ப தெரியும்," என்றார் தலைவர். "பின்னேரம் மஞ்சள் தண்ணி தெளிக்காமல் ஒரு பிள்ளையும் உள்ளுக்கு வராது, சொல்லிப்போட்டன்." பிளாஸ்டிக் பையைக் கழற்றி, அதைப் போட இடம் தேடி, கடைசியில் என் கையில் தந்துவிட்டு மாடிக்குப் போனார்.

அந்தப் பெண் வாசலில் முழங்காலில் இருந்தார். சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டு, பையை இரண்டு கையாலும் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தடவிப் பார்த்தார். விளக்குச் சூட்டில் ஒரு பக்கம் கடதாசி மாதிரிக் காய்ந்திருந்தது. பெரிய குழல் பையோடு சேர்கிற இடத்தில், தையலுக்குப் பக்கத்தில், சவ்வில் ஒரு கீறல் விழுந்திருந்தது. தண்ணீர் கேட்டார். நிலக்கீழ்த் தளத்துக் குழாயில் வாளி நிறைய எடுத்துக் கொடுத்தேன். நனைத்து, பிசைந்து, திரும்ப நனைத்து, வாயை வைத்து ஊதினார். கீறலால் காற்று போனது. குழந்தை மூக்குச் சீறுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஒலிப்பதிவாளர் ஒட்டுநாடா கொண்டுவந்தார். ஈரத்தில் ஒட்டவில்லை. நூலால் சுற்றிப் பார்த்தார்கள், கீறல் நீண்டது. அந்தப் பெண் பையைக் கீழே வைக்கவில்லை.

"யாராவது இதை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் போதும்," என்றார். "ஒரு மெட்டுத்தான்."

ஒலிப்பதிவாளர் கருவியை விட்டு வர முடியாது. நான் ரீச்சரைப் பார்த்தேன்.

"என்னால முடியாது சார்," என்றார் அவர் நேராக. "நான் சுத்த சைவம். நேத்து தெரியாம தொட்டேன். இப்ப தெரிஞ்சு தொட முடியலை." கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வந்த அருவருப்பு எனக்கும் வந்தது.

பூசைப் பாத்திரம் கழுவக் கொண்டுவந்த இறப்பர் கையுறை ஒரு சோடி மூலையில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். கீறலின் மேல் வைத்தவுடனே இறப்பர் சவ்வில் உரசிக் கிறீச்சிட்டது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி, தலையை ஆட்டினார்.

"வெறுங்கை," என்றார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது.

"நான் நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் கை வைக்கிறவள்," என்றார். "சீழும் இரத்தமும் அழுகின பல்லும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். உங்களுக்கு இது நாலு நிமிடம்."

"கையுறை போட்டுத்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், கையுறை போட்டுத்தான்," என்று ஒத்துக்கொண்டார். அப்போதுதான் முதல் தடவை சிரித்தார்.

இடது கையைக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் கொடுப்பார்கள். அவர் பையை இடது கக்கத்துக்குள் வைத்து ஊதுகிறவர், கீறல் பின்பக்கம். இடது கையால் பிடித்தால் என் முழங்கை அவருடைய குழலில் முட்டியது. இரண்டு தடவை மாறி நின்று பார்த்தோம். வலது கையால்தான் முடியும் என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்து எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

சூடு. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய மூச்சின் சூடு சவ்வுக்குள்ளால் என் கைக்கு வந்தது. வழுவழுப்பாக, நரம்பு தட்டுப்பட, உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி ஒரு மென்மை. அவர் கக்கத்தால் அமுக்கும்போது அது என் உள்ளங்கையைத் தள்ளும், ஊதும்போது விம்மும். என் விரல்களுக்கு இடையால் ஈரம் வந்து மணிக்கட்டுக்கு ஓடியது. சந்தனம் கரைந்த தண்ணீரோ, அதன் சொந்த எண்ணெயோ. தொண்டைக்குள் காலைத் தேநீர் ஏறி வந்தது. முன்பின் தெரியாத பெண்ணின் முதுகுக்கு அவ்வளவு கிட்ட நிற்பதும் கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் தடவை பாதியில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். ஏதோ தட்டுகிறதாம். என் கைக்கடிகாரம். கழற்றினேன். இரண்டாம் தடவை நான் விழுங்கிய சத்தம் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவைக்கு முன் அந்தப் பெண் பையைத் திரும்ப நனைத்தார். கீறல் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. இதற்குப் பிறகு தாங்காது என்றார்.

மூன்றாம் தடவை அவர் தொடங்கியபோது ஒத்துக்குழலின் சுருதி என் உள்ளங்கையால் ஏறி முழங்கைவரை அதிர்ந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி, ஆனால் எலும்புக்குள். மெட்டு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. அழகாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசையில்லை. மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. கீறலின் ஓரம் என் விரலுக்குக் கீழே மெல்ல மெல்லத் திறந்து வருவது தெரிந்தது. பெருவிரலை நகர்த்தி அதையும் மூடினேன். இன்னும் அமுக்கினேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் முழுக்க எனக்கு இருந்த ஒரே எண்ணம், இது முடியும்வரை கிழியக்கூடாது என்பதுதான். அருவருப்பு அப்படியே இருந்தது, அதன் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தது. அவர் கடைசிச் சுருதியை நிறுத்தி, அறை அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். நான் கையை எடுத்த உடனே சவ்வு ஒரு சாண் கிழிந்து தொங்கியது. அந்தப் பெண் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். வாசலில் விழுந்து கிடந்த பூவை எடுத்து மேசையில் திரும்ப வைத்துவிட்டு, எல்லாவற்றையும் தலையணை உறைக்குள் சுற்றினார். ரீச்சர் குங்குமச் சிமிழை நீட்டினார். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல், பல் வைத்தியர்கள் மருந்தை எடுக்கிற மாதிரிச் சின்னி விரலால் கொஞ்சம் தொட்டுக்கொண்டார்.

மாலையில் தலைவர் வாளியும் மாவிலையுமாக வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார் என்று கேள்விப்பட்டேன். பங்கரில் விரித்திருந்த ஒலிப்பதிவாளரின் சொந்தக் கம்பளத்திலிருந்து அந்த மஞ்சள் கடைசிவரை போகவில்லை. அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரு சொல் குறை சொல்லாமல், பதிவுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைவர் இதைத் தன் வெற்றியாகச் சொன்னபோது ஆட்கள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து ஆட்டுறைச்சி ரோல்ஸ் பரிமாறினார்கள். நான் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதிவு நடந்த அன்று இரவு வேலையால் வந்து சாப்பிட இருந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. கையைச் சவர்க்காரத்தாலும் தேசிக்காயாலும் களஞ்சியத்துக் கிருமிநாசினியாலும் கழுவியிருந்தேன். இருந்தும் விரலைச் சோற்றுக்குள் வைக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கரண்டி எடுத்து வந்தேன்.

"கையிலை என்ன காயமோ?" என்று மனைவி கேட்டார்.

"இல்லை."

"பிறகென்ன வெள்ளைக்காரன் மாதிரிக் கரண்டி?"

சொன்னேன், முழுவதும். அவர் தன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"சாப்பிடேக்கை சொல்லுற கதையோ இது," என்றார்.

ஒரு கிழமைக்கு மேல் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

இறுவட்டு அடுத்த வசந்தத்தில் வந்தது. ஒலிப்பதிவாளர் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார். மனைவி வேலைக்குப் போன பிறகு அந்த மெட்டை மட்டும் போட்டேன். முன்பு கேட்டதைவிட நல்லதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே மூக்குக் குரல்தான். ஒலியைக் கூட்டிவிட்டு, காதைக் கிட்ட வைத்து, திரும்ப ஒரு தடவை போட்டேன். கீறல் நீண்ட இடம் எதுவென்று எனக்குத் தெரியும், இரண்டாம் சுற்று முடிகிற இடம். அங்கே காற்று ஒழுகுகிற சத்தம் இல்லை. கடைசிவரை இல்லை. சரி என்று நிறுத்தினேன்.